‘போச்சு’ சொல்ல ஓர் ஆள்

அந்தத் தெருவில் இதுவரை எந்த வீடும் இடிந்ததில்லை, எந்தக் குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்ததில்லை. ஆனாலும் போச்சக்காவின் வீட்டில் காலை டீ ஆறுவதற்குள் ஒரு சர்வநாசமாவது நடந்து முடிந்திருக்கும். பால் பொங்கி வழிந்தால் குடி முழுகிப் போச்சு. பஸ்ஸைத் தவறவிட்டால் பொழப்பே மண்ணாப் போச்சு. மகள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பினால் குடும்ப மானம் தவிடுபொடி. உப்பு ஒரு கல் கூடிவிட்டால் சட்டியோடு எல்லாம் நாசம். நாசமானதை மூன்று பேரும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுவார்கள். அந்த வீட்டில் ஃபேனுக்கு ஃபேன் என்று பெயர் கிடையாது, பாழாப்போன ஃபேன். மகள் பிறப்பதற்கு முன்பே பாழாகிப்போன அது இன்றும் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

பெற்றோர் வைத்த பெயர் அவளுக்கே சட்டென்று ஞாபகம் வராது. தெரு வைத்த பெயர்தான் நிலைத்தது: போச்சக்கா.

கணவர் வாட்ச் ரிப்பேர்காரர். ஜன்னலோரம் மேஜை போட்டு, ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத பற்சக்கரங்களோடு குடும்பம் நடத்துபவர். மனைவி எந்த அழிவை அறிவித்தாலும் அவர் பதில் “ம்”. பெரிய அழிவென்றால் “ம்ம்”.

இந்த நிலையில்தான் எதிர்ப்பக்கத்துப் பழைய லாட்ஜைப் பிரிக்க ஆட்கள் வந்தார்கள். வாசலில் ஒரு தகர போர்டு மாட்டினார்கள்: ‘கட்டடங்கள் நல்ல முறையில் பிரித்துத் தரப்படும்.’ மறுநாள் போச்சக்காவின் பால்கனிக் கொடியில் காய்ந்த துணிகளின் மேல் அந்த லாட்ஜின் மூன்றாவது மாடி முழுக்கப் புழுதியாய் வந்து படிந்திருந்தது.

அவள் படி இறங்கிப் போனாள்.

“யாருய்யா இங்க பெரிய மனுஷன்? தொவைச்சுப் போட்டதெல்லாம் நாசமாப் போச்சு!”

அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த மூச்சு இழுப்பதற்குள் லாட்ஜின் உள்ளேயிருந்து ஆட்கள் கடப்பாரையைப் போட்டது போட்டபடி வெளியே பாய்ந்தார்கள். ஒருவன் ஜன்னல் வழியாகவே குதித்தான். எல்லோரும் சாலையின் எதிர்ப்பக்கத்துக்குப் போய் நின்று, இரைக்க இரைக்கக் கட்டடத்தைப் பார்த்தார்கள். கட்டடம் அப்படியே நின்றது.

போச்சக்கா திகைத்துப் போனாள். கல்யாணமான நாளாய் அவள் போச்சு போச்சு என்று கத்திக்கொண்டிருக்கிறாள். அதைக் கேட்டு இதுவரை உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்தவர் ஒருவர்கூடக் கிடையாது.

லேசாகக் காலை இழுத்து நடந்தபடி மேஸ்திரி வந்தார்.

“யக்கா, இந்த இடத்துல அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க.”

“எந்த வார்த்தைய? நாசமா?”

“அதையும்தான். அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னீங்க பாருங்க, அது.”

விஷயம் இதுதான். மேஸ்திரியின் ஆட்கள் நாள் முழுக்க உடைப்பவர்கள். ஆனால் வேலையிடத்தில் உடைப்பது, இடிப்பது, விழுவது என்று யாரும் வாய் திறக்கக் கூடாது. சுவரை இறக்குவார்கள். கூரையை எடுப்பார்கள். கட்டடத்தைப் பிரிப்பார்கள். அழிவைக் குறிக்கிற அத்தனை சொற்களும் வாசலோடு நிறுத்தம். செருப்போடு உள்ளே வரலாம், அந்தச் சொற்களோடு வரக் கூடாது. வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் பார்வையாளுக்கு மட்டும் ஒரே ஒரு சொல் அனுமதி. அவன் ‘போச்சு’ என்று கத்தினால் என்ன ஏது என்று கேட்காமல் எல்லோரும் வெளியே ஓடிவிட வேண்டும்.

“விசில் வச்சிக்க வேண்டியதுதானே?” என்றாள் போச்சக்கா.

“வச்சிருந்தோம். ஒவ்வொரு குக்கர் விசிலுக்கும் ஓடினோம்.”

“ஓடுங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“அதையும் சொல்லிப் பாத்தோம். ‘எங்கண்ணே?’ன்னு கேட்டான்.” மேஸ்திரி, ஜன்னலில் குதித்தவனைப் பார்த்தார். பெரிய சுத்தியலைக் கையைவிட்டு இறக்காததால் அவனுக்குச் சம்மட்டி என்றே பெயர். “பயத்துல மனுஷன் வாயில தானா வர்றது இது ஒண்ணுதான்க்கா. அதான் இத வச்சோம். ஆனா சும்மா இருக்கையில யாரும் சொல்லிடக் கூடாது.”

“நல்லா வச்சீங்க. அப்ப அந்தா மேல தொங்குதே சன்ஷேடு, அதுவும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லணுமா?”

மேஸ்திரி திரும்புவதற்குள் அந்த சன்ஷேடு கழன்று, சற்றுமுன் சம்மட்டி குதித்த இடத்தில் வந்து படுத்துக்கொண்டது.

மேஸ்திரி காலியாகக் கிடந்த ஸ்டூலை இழுத்து அவளுக்குப் போட்டார். பிறகு மேஸ்திரி தன் கதையைச் சொன்னார். இதற்கு முன்பிருந்த பார்வையாள் தங்கமான மனுஷன், அதுதான் குறை. எதைப் பார்த்தாலும் “ஒண்ணும் ஆகாதுண்ணே” என்பான். மேஸ்திரியின் கால்மேல் ஒரு பீம் இறங்கியபோதும், அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

“எனக்கு நல்லது நெனைக்கிற ஆளு வேணாம்க்கா. உங்கள மாதிரி, எதப் பாத்தாலும் நாசமாத் தெரியிற ஆளு வேணும். நாளைக்கு வர்றீங்களா?”

வீட்டில் சொன்னபோது மகள் சோபாவில் புரண்டு புரண்டு சிரித்தாள். “அம்மா, நீ இத்தன நாளா இலவசமா செஞ்ச சேவைக்கு இப்ப சம்பளமே வந்திருச்சு!” கணவர் லென்ஸைக் கழற்றினார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் வேலை நேரத்தில் லென்ஸைக் கழற்றியது அன்றுதான்.

“வெயில்ல உக்காரணுமே?” என்றார்.

“உக்காருவேன்,” என்றாள் போச்சக்கா. “நான் ஒரு வார்த்த சொன்னா ஆறேழு பேரு எழுந்திரிச்சு ஓடுறாங்க. இந்த வேலைய நான் விட மாட்டேன்.”

விடவில்லை. ஆனால் முதல் நாளே வேலை அவளை விட்டுவிடப் பார்த்தது.

காலையில் டீ கிளாஸ் கை தவறிச் சேலையில் கொட்டியது. “போச்சு!” எல்லோரும் ஓடி வந்தார்கள். மதியம் மகள் போன் செய்து, கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டதைப் பக்குவமாகச் சொன்னாள். “போச்சு, போச்சு, எல்லாம் போச்சு!” எல்லோரும் ஓடி வந்தார்கள், மூன்று தடவை சொன்னதால் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்து ஓடினார்கள். சாயங்காலம் ஒரு காக்கா அவளுடைய டிபன் டப்பாவில் வாய் வைத்தது. சம்மட்டி இம்முறை இரண்டாம் மாடியிலிருந்து ஓடி வந்து, காக்காவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

“யக்கா, இந்த பில்டிங் என்னைக் கொல்லாது. நீங்கதான் கொல்லுவீங்க. என் முட்டி தேஞ்சு போ... தேஞ்சு இருக்கு.”

மேஸ்திரி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஸ்டூலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“இன்னும் ஒரு தடவ சும்மா சொன்னீங்கன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்க்கா. கோவிச்சுக்காதீங்க. நெஜமா ஒரு நாள் நீங்க கத்தும்போது இவனுங்க காக்கான்னு நெனச்சிட்டு உள்ளயே நின்னுட்டா என்ன பண்றது?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அது அபூர்வம்.

அன்று மாலையே வீட்டில் பயிற்சி தொடங்கியது. மகள்தான் வாத்தியார். கல்லூரியில் எதையும் ஒழுங்காகப் படிக்காதவள், அம்மாவுக்குப் பரீட்சை வைப்பதில் மட்டும் அசாத்திய அக்கறை காட்டினாள். எச்சரிக்கையே இல்லாமல் எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாள். அது அடுப்படி முழுக்கச் சுற்றி வந்து அடங்கியது.

போச்சக்காவின் உதடு ‘போ’ வரை குவிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

“தட்டு...” என்றாள். “தட்டு தரைக்கு வந்திருக்கு.”

“பாஸ்! அடுத்தது. நான் செமஸ்டர்ல இன்னொரு பேப்பர்லயும் அவுட்டு.”

“ரெண்டு பேப்பர் பாக்கி இருக்கு,” என்றாள் போச்சக்கா, நெற்றியைத் துடைத்தபடி. “நெஜமாவா, பரீட்சைக்குச் சொல்றியா?”

“நெஜமாத்தான்மா. இந்த நேரத்துல சொன்னாத்தான் எனக்கு சேஃப்டி.”

வைராக்கியம் என்றால் அப்படியொரு வைராக்கியம். பல் விளக்கும்போதுகூட நாக்கைக் கண்காணித்தாள். பாழாப்போன ஃபேன், வெறும் ஃபேன் ஆனது. நாசமாப்போற கொசு, கொசு ஆனது. வீடு ஏதோ வாடகைக்கு எடுத்த இடம் மாதிரி அமைதியாக இருந்தது. கணவருக்குக் கை ஓடவில்லை. காதில் அந்த இரைச்சல் இருந்தால்தான் அவருடைய கை நடுங்காமல் இருக்குமாம். மகளை ஓரமாகக் கூப்பிட்டு, “அம்மாவுக்கு ஒடம்புக்கு ஏதாச்சுமா?” என்று கேட்டார். பிறகு தைரியத்தைத் திரட்டிக்கொண்டு மனைவியிடமே வந்தார்.

“இந்தா... ஒரே ஒரு தடவ திட்டேன்.”

“முடியாதுங்க. புதுப் பழக்கம் விட்டுடும்.”

அவர் பெருமூச்சு விட்டபடி மேஜைக்குத் திரும்பினார்.

இதில் அவளே எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. முன்பெல்லாம் பால் பொங்கி வழிந்த பிறகு ‘போச்சு’ என்று ஒரே சொல்லில் கணக்கை முடித்துவிடுவாள். இப்போது அந்தச் சொல் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். சொல்வதற்காகப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தால், பால் பொங்குவதற்கு முன் ஓரத்தில் நுரை கட்டுகிறது, நடுவில் ஏடு உப்புகிறது. அடுப்பை அணைக்க ஏகப்பட்ட அவகாசம் இருக்கிறது. இத்தனை காலமும் நாசமான பாலெல்லாம் சொல்லிவிட்டுத்தான் நாசமாகியிருக்கிறது.

ஸ்டூலில் உட்கார்ந்தும் அதையேதான் செய்தாள். லாட்ஜின் முன்சுவரைப் பெரும்பாலும் இறக்கிவிட்டதால், அறைகள் அடுக்கி வைத்த பெட்டிகள்போல் திறந்து கிடந்தன. நீலச் சுவர், பச்சைச் சுவர், அந்தரத்தில் தொங்கும் வாஷ் பேசின், துண்டு மாட்டும் கம்பி. இரண்டாம் மாடியில் படிக்கட்டை ஒட்டிய நீலச் சுவரில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு பழைய காலண்டர். அருவிப் படம் போட்டது. அடியில் தகரப் பட்டி வைத்தது. யாரோ எப்போதோ தேதி கிழிப்பதை நிறுத்தியிருந்தார்கள். பார்க்க வேறு எதுவும் இல்லாததால் அந்த அருவி அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பழகிவிட்டது.

இப்படியே நாட்கள் போயின. காக்கா வந்தது, டப்பாவையே தூக்கிக்கொண்டு போனது. அவள் வாய் திறக்கவில்லை. சம்மட்டிகூட மெச்சினான். “அக்காவுக்குப் பேட்டரி தீந்திருச்சு போல.”

ஒரு காலை, படிக்கட்டு வழியாக ஜன்னல் சட்டங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். போச்சக்கா வழக்கம்போல அருவியைப் பார்த்தாள். அருவியில் ஏதோ சரியில்லை.

முதலில் என்னவென்று பிடிபடவில்லை. காலண்டர் அதே ஆணியில்தான் தொங்கியது. ஆனால் அதன் அடியில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. நிழல். நேற்று வரை தகரப் பட்டி சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது. இன்று காலண்டரின் அடி, சுவரைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது.

காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். திரும்பித் தன் பால்கனியைப் பார்த்தாள். கொடியில் துணிகள் அசையவே இல்லை. மறுபடியும் காலண்டர். காலண்டர் நேராகத்தான் தொங்குகிறது. தொங்குகிற எதுவும் நேராகத்தான் தொங்கும். அப்படியானால் நேராக இல்லாதது சுவர்.

நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அங்கேயே நின்றது.

சும்மாவாக இருந்தால்? ஒரு காலண்டரை நம்பிக் கத்தினேன் என்றால் மேஸ்திரி என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். நாளையிலிருந்து ஸ்டூலில் வேறு ஆள். அவள் மறுபடி அடுப்படியில் நின்று கத்தலாம். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

மேலே சம்மட்டி சிரிப்பது கேட்டது. எவனையோ கிண்டல் செய்துகொண்டிருந்தான்.

போச்சக்கா எழுந்து நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகினாள்.

“போச்சு!”

அடக்கி வைத்திருந்த அத்தனை நாள் ‘போச்சு’களும் சேர்ந்து அந்த ஒன்றில் வந்தன. ஜன்னல் சட்டம் ஒன்று மேலேயிருந்து தானாகப் படியில் உருண்டு வந்தது. அதன் பின்னாலேயே ஆட்கள் வந்தார்கள்.

எதிர்ப்பக்கத்தில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். கட்டடம் நின்றது. நன்றாகவே நின்றது. ஒரு சின்னக் கல்கூட உருளவில்லை.

“என்னக்கா?” என்றார் மேஸ்திரி.

“படிக்கட்டுப் பக்கத்துச் சுவரு. நீலச் சுவரு. சாயுது.”

“எப்படிச் சொல்றீங்க?”

“காலண்டரு விலகி நிக்குது.”

சம்மட்டி கையெடுத்துக் கும்பிட்டான். “காலண்டர் பாத்துட்டாங்கப்பா! யக்கா, அப்படியே இன்னிக்கு நாள் எப்படின்னு பாத்துச் சொல்லுங்க. எனக்குப் பொண்ணு பாக்கப் போகணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “எனக்கு நேராத்தான் தெரியுதுக்கா. இருங்க, தூக்குக்குண்டு விட்டுப் பாத்துடுறேன்.” நூலில் கட்டிய குண்டோடு உள்ளே போக அடியெடுத்து வைத்தார்.

போச்சக்கா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய், உள்ளே போகும் பாதையை அடைத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள். கட்டடத்துக்கு அவ்வளவு பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

“தூக்குக்குண்டு ஏற்கனவே தொங்குது. அருவிப் படம் போட்டிருக்கு. யாரும் உள்ள போகக் கூடாது.”

“எவ்வளவு நேரத்துக்குக்கா?”

“அது முடியிற வரைக்கும்.”

“என் சம்மட்டி மேல படியில கெடக்கு,” என்றான் சம்மட்டி. “அத மட்டும் எடுத்துட்டு ஓடி வந்துடுறேன். ரெண்டே நிமிஷம்.”

“ஒக்காருடா.”

“யக்கா, அது எங்க அப்பா குடுத்தது.”

“உன்னையும் அவருதானே குடுத்தாரு? ஒக்காரு.”

சம்மட்டி மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி தன் காலைப் பார்த்தார். பிறகு போச்சக்காவை அப்படியே ஸ்டூலோடு இழுத்து எதிர்ப்பக்கத்தில் உட்காரவைக்கச் சொல்லிவிட்டு, பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டினார்.

வெயில் ஏறியது. வேலை நின்றது. டீ வந்தது, குடித்தார்கள், மறுபடி டீ வந்தது. கடைக்காரர்கள் வந்து விசாரித்தார்கள். “காலண்டர் விலகியிருக்காம்” என்ற செய்தி தெருக்கோடிக்குப் போய்ச் சேரும்போது “லீவு விட்டிருக்காங்களாம்” என்று ஆகியிருந்தது. கணவர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு குடையோடு இறங்கி வந்து, அவள் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றார்.

“தப்பா இருந்தா வேலை இல்ல,” என்றாள் அவள், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ம்.”

“நான் பாத்தது பாத்ததுதான்.”

“ம்ம்,” என்றார்.

சம்மட்டி பொறுமையிழந்து எழுந்தான். “அண்ணே, இதுக்கு மேல முடியாது. நான் போயி...” என்று கயிற்றைத் தூக்கிக் குனிந்தான்.

சத்தம் பெரிதாக இல்லை. யாரோ நீளமாகத் தொண்டையைச் செருமியதுபோல் இருந்தது. இரண்டாம் மாடிப் படிக்கட்டு சுவரின் பிடியிலிருந்து நழுவி, முதல் மாடிப் படிக்கட்டின் மேல் உட்கார, அது தாங்காமல் கீழே உட்கார, எல்லாமாகச் சேர்ந்து தரையில் உட்கார்ந்தன. புழுதி எழுந்து தெருவை மூடியது. அடங்கியபோது படிக்கட்டு இருந்த இடத்தில் வானம் தெரிந்தது.

நீலச் சுவர் மட்டும் அப்படியே நின்றது. காலண்டர்கூட விழவில்லை.

சம்மட்டி கயிற்றைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் குனிந்து நின்றான். நிமிர்ந்தபோது முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. அதில் பாதி நிஜமாகவே சுண்ணாம்பு.

“யக்கா,” என்றான். “சுவருன்னுதானே சொன்னீங்க? எறங்குனது படிக்கட்டு.”

“ஆமா,” என்றாள் போச்சக்கா. அவளுக்கும் அதுதான் உறுத்தியது. “சுவரத்தான் சொன்னேன்.”

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அவர் காலண்டரையும் படிக்கட்டு இருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சுவரு வெளிய நகந்துச்சு, அதனால படி பிடி விட்டுச்சு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அக்கா ‘போச்சு’ன்னாங்க. அதுதான் அவங்க வேலை. எது எதுன்னு பேர் சொல்லிக் கூப்பிடறது அவங்க வேலை இல்ல.” ஸ்டூலைத் தட்டிப் புழுதியைத் துடைத்தார். “நாளைக்கு ஒரு தலகாணி கொண்டாங்கக்கா. மரத்துல உக்காந்தா இடுப்பு வலிக்கும்.”

சம்மட்டி இடிபாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“ஐயோ,” என்றான். “என் சம்மட்டி போச்சு!”

அத்தனை பேரும் தெருக்கோடி வரைக்கும் ஓடினார்கள். குடையோடு வாட்ச் ரிப்பேர்காரரும் ஓடினார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் வாழ்க்கையில் ஓடியது அதுவே முதல் தடவை. போச்சக்கா மட்டும் ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்தாள், காலண்டரைப் பார்த்தாள். எதுவும் புதிதாக விலகவில்லை.

“சும்மா சொல்லாதடா,” என்றாள், திரும்பி வந்தவனிடம். “அந்த வார்த்த என்னுது.”

சாயங்காலம் அவள் படியேறி வீட்டுக்குப் போய்ப் பால்கனிக் கதவைத் திறந்தாள். காலையில் உலர்த்திய துணிகள், அவருடைய வெள்ளைச் சட்டைகள், மகளின் கல்லூரி உடுப்பு, துவைத்துக் கஞ்சி போட்ட அவளுடைய ஒரே நல்ல சேலை, எல்லாவற்றின் மேலும் ஒரு முழுப் படிக்கட்டு படிந்திருந்தது. கீழே ஆட்கள் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். சம்மட்டி, இரவல் வாங்கிய சுத்தியலைத் தோளில் சாய்த்தபடி, அவளைப் பார்த்துக் கையாட்டினான்.

அவளும் கையாட்டினாள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். உள்ளே வந்து பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். அடுப்படி ஜன்னலையும் சாத்தினாள். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். கணவர் மெதுவாக லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக் காத்திருந்தார்.

போச்சக்கா மூச்சை நிறைய இழுத்தாள்.

“போச்சு! நாசமாப் போச்சு! அத்தனையும் பாழாப் போச்சு! இந்த வீட்ல ஒருத்தருக்காச்சும் துணிய எடுத்து உள்ள போடணும்னு தோணிச்சா? பாழாப்போன ஃபேனு சுத்துது, பாழாப்போன கடியாரம் ஓடுது, ரெண்டு பேப்பரக் கோட்ட விட்டுட்டு ஒக்காந்திருக்கா ஒருத்தி...”

“ம்,” என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். பிறகு கண்ணைத் திறந்து லென்ஸை மாட்டிக்கொண்டு, மேஜை மேல் நாளெல்லாம் கை கூடாமல் கிடந்த வாட்சை எடுத்து, அதன் வேலையைத் தொடங்கினார்.